இரண்டு பழைய படங்கள், ஒரு பிரெஞ்சுக் கார்: புகாட்டியா, டெலாஹேயா?

பாரிஸின் வான்வ் பழம்பொருள் சந்தையில் வாங்கிய ஓர் ஆல்பத்திலிருந்து இரண்டு படங்களை ஸ்கேன் செய்து அனுப்பி, அவற்றில் இருக்கும் கார் எது, அதற்குப் பாடி கட்டியவர் யார், இரண்டும் ஒரே கார்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் படத்தில் கார் முன்பக்கம் தெரியும்படி சற்றே திரும்பி நிற்கிறது. கதவருகே தொப்பி அணிந்த ஒரு பெண். நம்பர் பிளேட்டின் கடைசிப் பகுதி மட்டும் "ஆர்எல் 4" என்று படிக்கக் கிடைக்கிறது. இரண்டாவது படத்தில் அதே சாயலுள்ள கார் பக்கவாட்டில் நிற்கிறது, கோட் அணிந்த ஒருவர் முன் மட்கார்டில் கை வைத்திருக்கிறார். உங்கள் நண்பர் இதைப் புகாட்டி அட்டலாண்ட் என்கிறார். ஆல்பத்தை விற்றவரோ ஃபிகோனி பட்டறையின் வேலை என்று சொல்லி விலையை ஏற்றியிருக்கிறார். ஒரு படத்தில் ஸ்டியரிங் வலப்புறமும் மற்றதில் இடப்புறமும் இருப்பதால் இவை இரு வேறு கார்களோ என்பது உங்கள் ஐயம்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு படங்களிலும் இருப்பது ஒரே கார். அது புகாட்டி அல்ல. 1936க்கும் 1939க்கும் இடையில் பாடி கட்டப்பட்ட டெலாஹே 135. பார்வைக்கு நிலையான கூரையுள்ள கூபே போலத் தோன்றினாலும் உண்மையில் அது, மடிக்கக்கூடிய துணிக்கூரையை ஏற்றி மூடிய கேப்ரியோலே. பாடி கட்டியவர் ஃபிகோனி என்பதற்கு இந்தப் படங்களில் சான்று எதுவும் இல்லை. ஆன்றி ஷாப்ரோனின் பட்டறையாக இருக்கவே வாய்ப்பு அதிகம், ஆனால் அதை உறுதி என்று எழுதுவதற்கு முன் இன்னொரு சான்று வேண்டும். அந்தச் சான்று உங்கள் முதல் படத்தின் ஒரு மூலையிலேயே இருக்கிறது என்று கருதுகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அக்காலத்து உயர்விலைப் பிரெஞ்சுக் கார்களைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை, காரைச் செய்தவரும் அதன் வெளித்தோற்றத்தைச் செய்தவரும் வேறு வேறு என்பதை மறப்பதால் வருபவை. கரூரில் பேருந்துக்குப் பாடி கட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை: இன்ஜினும் சக்கரங்களும் ஸ்டியரிங்கும் பொருத்திய வெறும் சேஸிஸ் ஆலையிலிருந்து வரும், தகடும் கண்ணாடியும் இருக்கையும் பட்டறையில் ஏறும். டெலாஹே நிறுவனமும் பாரிஸின் பாங்கியே தெருவில் இருந்த தன் ஆலையில் சேஸிஸைச் செய்து கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டது; வாங்குபவர் தமக்குப் பிடித்த பட்டறையில் பாடி கட்டிக்கொள்வார். அந்தப் பட்டறைகளும் பாரிஸின் மேற்குப் புறநகர்களில் ஒன்றையொன்று நெருங்கியே இருந்தன. ஷாப்ரோனும் ஃப்ரானேயும் லெவல்வாவில், சவூட்சிக்கும் லெதுர்னர் எ மார்ஷானும் நெய்யியில், வான்வோரனும் கியோரேயும் கூர்ப்வாவில், ஃபிகோனி எ ஃபலாஸ்கி புலோஞில். இத்தனை நெருக்கத்தில் ஒரு பட்டறையின் புதுமை அடுத்த ஆண்டே பக்கத்துப் பட்டறையின் பட்டியலில் இடம்பிடித்துவிடும். ஆகவே சேஸிஸ் எது என்ற கேள்வியை முதலில் முடித்துவிட்டு, பாடி யாருடையது என்ற கேள்விக்குப் பிறகு வருவதே முறை. முதல் கேள்விக்குக் கறாரான விடை கிடைக்கும். இரண்டாவதற்குப் பல நேரம் கிடைக்காது. உங்கள் நண்பரும் விற்பனையாளரும் மட்கார்டின் வளைவைப் பார்த்துப் பெயர் சொல்லியிருக்கிறார்கள். ஒரு காரில் மிக எளிதாகப் பின்பற்றப்படுவது அந்த வளைவுதான்.

காரைப் பார்ப்பதற்கு முன் படத்தைப் பார்க்க வேண்டும். இரண்டாவது படத்தில் நிற்பவரின் கோட்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். மார்புப் பை அவருடைய வலது மார்பில் இருக்கிறது. கோட்டின் வலப்பக்கம் இடப்பக்கத்தின் மேல் படிந்து பொத்தான் போடப்பட்டிருக்கிறது. ஆண்களின் கோட்டில் இரண்டுமே இதற்கு நேர்மாறாக இருக்கும். ஆக, பிரதி எடுத்தவர் நெகட்டிவைத் திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார். படத்தை இடவலம் மாற்றினால் ஸ்டியரிங் தானாகவே வலப்புறம் போய்விடும், இரண்டு கார்கள் என்ற சிக்கலும் தீர்ந்துவிடும். நம்பர் பிளேட்டோ கடைப் பலகையோ தெரியாத படங்களில் கோட்டுப் பொத்தான், மார்புப் பை, கைக்கடிகாரம் ஆகியவற்றைப் பார்க்காமல் ஸ்டியரிங்கை வைத்து எதையும் முடிவுசெய்யக் கூடாது.

பிரான்சில் சாலையின் வலப்புறம்தான் வண்டி ஓட்டுகிறார்கள், அப்படியிருக்க ஸ்டியரிங் வலப்புறம் இருப்பது எப்படி என்றும் கேட்டிருந்தீர்கள். டெலாஹே, டெலாஜ், டால்போ-லாகோ, புகாட்டி, ஹிஸ்பானோ-சூய்சா என்று அக்காலத்து உயர்விலை வண்டிகள் எல்லாம் வலப்புற ஸ்டியரிங்கையே வழக்கமாகக் கொண்டிருந்தன. மலைப்பாதையில் சாலையின் விளிம்பைப் பார்த்து ஓட்ட வசதி என்பது இதற்கு அடிக்கடி சொல்லப்படும் காரணம். மேல்தட்டு வழக்கம் என்பதும் அதற்குக் குறையாத காரணம் என்பது என் எண்ணம். மக்கள் கார்களான சித்ரோயன் வகைகளில் ஸ்டியரிங் இடப்புறம் வந்துவிட்ட பிறகும் இவர்கள் மாறவில்லை. எனவே பிரெஞ்சு நம்பர் பிளேட்டும் வலப்புற ஸ்டியரிங்கும் சேர்ந்திருந்தால், அந்த வண்டி இங்கிலாந்திலிருந்து வந்தது என்று எண்ணிவிட வேண்டாம்.

முதல் படத்தில் கார் வெளிர் நிறமாகவும் இரண்டாவதில் கருமையாகவும் தெரிவதும் உங்களைக் குழப்பியிருக்கிறது. இது பெரும்பாலும் ஃபிலிமின் வேலை. 1931இல் வந்த கோடாக் வெரிக்ரோம் போன்ற ஆர்த்தோக்ரோமாட்டிக் ஃபிலிம்களுக்குச் சிவப்பொளி எட்டாது. சிவப்பு ஏறக்குறையக் கறுப்பாகவும் நீலம் வெளுத்தும் பதியும். எல்லா நிறங்களையும் ஓரளவு சமமாக வாங்கும் பான்க்ரோமாட்டிக் ஃபிலிமில் அதே நீலக் கார் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் விழும். முதல் படத்தில் அந்தப் பெண்ணின் உதட்டுச் சாயம் மையைப் போலக் கறுத்திருப்பதைக் கவனியுங்கள். அது ஆர்த்தோ ஃபிலிம் என்பதற்கு அடையாளம். கார் நீலமாக இருந்திருக்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்திலிருந்து நிறத்தைப் பற்றி இதற்கு மேல் யார் எதைச் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

அடுத்து காலம். 1928 முதல் 1950 மார்ச் வரை பிரான்சில் இருந்த முறையில், முதலில் நான்கு இலக்கம் வரையிலான ஓர் எண், பிறகு மாவட்டத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள், பதிவுகள் பெருகிய இடங்களில் அவற்றுக்குப் பின் இன்னோர் இலக்கம். ஆர் என்று தொடங்கும் வரிசை பாரிஸை உள்ளடக்கிய சேன் மாவட்டத்துக்கு உரியது. 1950 ஏப்ரலில் வந்த புதிய முறையில் மாவட்ட எண் கடைசியில் வரும், பாரிஸுக்கு 75. ஆகவே உங்கள் பிளேட் பழைய முறையைச் சேர்ந்தது, கார் பதிவானது 1950க்கு முன்பு. இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பழைய எண் கொண்ட வண்டிகள் எல்லாம் ஒரே நாளில் எண்ணை மாற்றிக்கொள்ளவில்லை என்பதால், பிளேட் காரின் பதிவுக் காலத்தைத்தான் காட்டும். படம் எடுத்த காலத்தைக் காட்டாது. பிளேட்டில் டபிள்யூ என்ற எழுத்து இருந்தால் அது வியாபாரிகளுக்கும் தற்காலிகப் பதிவுக்கும் உரியது. பட்டறையிலிருந்து வெளிவந்த புதிதில் எடுத்த படங்களில் அதை அடிக்கடி காணலாம், அப்படிப்பட்ட படங்களுக்கு மதிப்பும் அதிகம்.

டெலாஹே 135 முதலில் காட்டப்பட்டது 1935 அக்டோபரில், பாரிஸின் கிரான் பலேயில் நடந்த மோட்டார் கண்காட்சியில். அது கீழ் எல்லை. மேல் எல்லையை ஹெட்லைட் தருகிறது. உங்கள் காரில் விளக்குகள் ரேடியேட்டருக்கும் மட்கார்டுக்கும் நடுவே தனித்து நிற்கின்றன. போருக்குப் பின் வந்த டெலாஹேக்களில் அவை மட்கார்டுக்குள் புதைந்துவிடும், ஃபிலிப் ஷார்போனோ வரைந்த புதிய முகமும் வந்துவிடும். இடையில் 1937 முதல் புதிய கார்களுக்கு மஞ்சள் ஒளி கட்டாயமானது. ஆர்த்தோ ஃபிலிமில் மஞ்சள் விளக்கு சற்றே இருண்டு தெரியும், ஆனால் பழைய கார்களுக்கும் பின்னாளில் மஞ்சள் கண்ணாடி மாட்டினார்கள் என்பதால் இதை வைத்து நான் ஆண்டு சொல்ல மாட்டேன்.

புகாட்டி இல்லை என்று எப்படி உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு வருகிறேன். புகாட்டி என்றதும் எல்லாரும் குதிரை லாட வடிவ ரேடியேட்டரைத் தேடுவார்கள். உங்கள் படத்தில் அந்த இடம் வெயிலில் பாதி வெளுத்துப்போயிருப்பதால் நண்பருக்கு அது லாடமாகத் தெரிந்திருக்கிறது. ரேடியேட்டரை விட்டுவிட்டு அதற்குக் கீழே, இரண்டு முன் சக்கரங்களுக்கும் நடுவே பாருங்கள். அட்டலாண்ட் பாடி ஏறிய புகாட்டி டைப் 57இல் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை பளபளப்பாக மெருகேற்றிய ஒற்றை அச்சு ஓடும். வில்தகடுகள் (அதிர்வைத் தாங்கும் ஸ்பிரிங் பட்டைகள்) அந்த அச்சில் உள்ள துளைகளின் வழியாகவே நுழைந்து செல்லும். எத்தோர் புகாட்டி கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்த அமைப்பு அது. டெலாஹே 135இல் முன் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். குறுக்காகப் படுத்த ஒரு வில்தகட்டு அடுக்கு அவற்றைத் தாங்கும். உங்கள் படத்தில் பம்பருக்குப் பின்னால் நிழலில் தெரிவது நடுவில் தடித்து ஓரங்களை நோக்கி மெலியும் அடுக்கு. மெருகேற்றிய அச்சு அங்கே இல்லை. புகாட்டி என்ற பேச்சு இதோடு முடிகிறது.

ஆனால் குறுக்கு வில்தகடு டெலாஹேக்கு மட்டும் உரியதன்று. டால்போ-லாகோவிலும், 1935இல் டெலாஹேயின் கைக்கு வந்துவிட்ட டெலாஜின் புதிய வகைகளிலும் அது உண்டு. இங்கேதான் இரண்டாவது படம் உதவுகிறது. நேர் பக்கவாட்டில், போதிய தொலைவிலிருந்து எடுத்த படமானால், முன் சக்கர நடுவிலிருந்து பின் சக்கர நடு வரையுள்ள தூரத்தை டயரின் வெளிவிட்டத்தால் வகுத்துப் பார்க்கலாம். உங்கள் ஸ்கேனில் முதலாவது 6.4 செ.மீ., டயரின் விட்டம் 1.6 செ.மீ.; விகிதம் 4. பின் சக்கரத்தைத் தகட்டு மூடி மறைத்திருப்பதால் அதன் நடுப்புள்ளியை மூடியின் கீழே எட்டிப் பார்க்கும் டயரின் வளைவிலிருந்து கணிக்க வேண்டியிருந்தது, ஆகவே சிறு பிழைக்கு இடம் உண்டு. 17 அங்குலச் சக்கரத்தில் அக்காலத்து டயரை ஏற்றினால் வெளிவிட்டம் சுமார் 73 செ.மீ. வரும். அதன் நான்கு மடங்கு ஏறக்குறைய 2.92 மீட்டர், டெலாஹே 135இன் வீல்பேஸ், அதாவது இந்தச் சக்கர இடைவெளி, 2.95 மீட்டர். டைப் 57க்கு வீல்பேஸ் 3.30 மீட்டர் என்பதால் விகிதம் நாலரையை எட்டியிருக்கும். டெலாஜ் டி6-70க்கு 3.15 மீட்டர். டால்போவின் குட்டைச் சேஸிஸான டி150 சி எஸ்எஸ்ஸுக்கோ 2.65 மீட்டர்தான்.

அளவு ஒன்றே போதும் என்று இருந்துவிடவும் கூடாது. புகாட்டி 57 எஸ்ஸின் வீல்பேஸ் 2.98 மீட்டர், விகிதத்தை மட்டும் பார்த்தால் அதையும் டெலாஹேயையும் பிரிக்க முடியாது. அச்சும் ரேடியேட்டரும்தான் பிரிக்கும்: 57 எஸ்ஸின் ரேடியேட்டர் நடுவில் மடிந்து கூர்முனையோடு வரும். ஒரு சான்று தடுமாறும் இடத்தை இன்னொரு சான்று தாங்கும்படி அடுக்கிக்கொண்டே போவதுதான் இந்த வேலை. சக்கரத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நடுவில் சுத்தியலால் தட்டிக் கழற்றும் காதுகள் கொண்ட ரட்ஜ் ஸ்போக் சக்கரங்களை எல்லாரும் வாங்கிப் போட்டார்கள்.

டெலாஹே 135இல் எந்த வகை என்ற கேள்விக்கு இந்தப் படத்திலிருந்து விடை கிடையாது. 3.2 லிட்டர் இன்ஜினோடு தொடங்கிய 135க்குப் பின் 3.5 லிட்டர் இன்ஜினோடு 135 எம் வந்தது, அதை இன்னும் கூர்மையாக்கி 135 எம்எஸ் வந்தது. வேறுபாடு கார்புரேட்டர்களின் எண்ணிக்கையிலும் அழுத்த விகிதத்திலும் இருப்பதால், பானெட்டைத் திறந்தால்தான் தெரியும். ஏலப் பட்டியல்களில் வெளிப்படத்தை மட்டும் வைத்து "எம்எஸ்" என்று எழுதுபவர்களுக்கு அந்த இரண்டு எழுத்துகள் கூட்டும் விலையின் மேல்தான் கண்.

இனி பாடி. கூரையைப் பாருங்கள். கார் முழுவதும் வெயில் பளிச்சென்று தெறிக்கையில் கூரை மட்டும் மங்கி இருக்கிறது. பின் ஓரத்தில் கண்ணாடி அஞ்சல்தலை அளவுக்குச் சிறுத்திருக்கிறது. கதவுக் கண்ணாடிக்கு மேலே கூரையின் விளிம்பு தடித்து, ஒரு தையல் கோட்டோடு முடிகிறது. இது துணிக்கூரை. உயர்தரப் பிரெஞ்சு கேப்ரியோலேக்களில் துணிக்கு உள்ளே பஞ்சும் உட்துணியும் வைத்துத் தைப்பார்கள் என்பதால், மூடிய நிலையில் எலும்புக்கூடு வெளியே துருத்தாது. தொலைவிலிருந்து பார்த்தால் தகட்டுக்கூரையாகவே தெரியும். உடனே இன்னொன்றையும் கேட்பீர்கள்: மங்கலான பரப்பு என்றால் அது வேமன் பாடியாக இருக்கக் கூடாதா? சார்ல் வேமன் 1920களில் பரப்பிய முறையில் மரச்சட்டத்தின் மேல் தகட்டுக்குப் பதிலாகத் தோல் போன்ற துணியை இழுத்துப் போர்த்துவார்கள்; அப்போது கதவும் பக்கங்களும் சேர்ந்தே மங்கியிருக்கும். உங்கள் காரில் கதவு மின்னுகிறது. தவிர, 1930களின் நடுவில் உருண்ட வடிவங்கள் வந்ததும் அந்த முறை வழக்கொழிந்துவிட்டது. துணியை இரட்டை வளைவில் சுருக்கமின்றி இழுப்பது எளிதல்ல.

ஃபிகோனி என்ற பெயர் ஏன் இத்தனை எளிதாக வாயில் வருகிறது என்பதற்கும் காரணம் உண்டு. இத்தாலியின் பியாசென்சாவிலிருந்து சிறு வயதில் பிரான்சுக்கு வந்த ஜோசஃப் ஃபிகோனி, 1935இல் ஒவிதியோ ஃபலாஸ்கியின் முதலோடு கூட்டுச் சேர்ந்தார். 1936 பாரிஸ் கண்காட்சியில் அவர் காட்டிய டெலாஹே 135 ரோட்ஸ்டரில் முன் சக்கரங்களைக்கூட முழுவதும் மூடிய நீர்த்துளி மட்கார்டுகள் இருந்தன. பார்த்தவர்கள் பாதிப் பேர் மயங்கினார்கள், மீதிப் பேர் முகம் சுளித்தார்கள். அதற்குப் பின் டால்போ-லாகோ டி150 சி எஸ்எஸ் சேஸிஸில் அவர் கட்டிய நீர்த்துளிக் கூபேக்கள் இன்று ஏலத்தில் கோடிகளில் போகின்றன. விளைவு, சற்றே உருண்ட மட்கார்டும் பின் சக்கர மூடியும் கண்டால் போதும், விற்பவர்கள் ஃபிகோனி என்று சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் பின் சக்கர மூடி அந்த ஆண்டுகளில் பொது வழக்கம். 1936இல் வந்த பானார் டினாமிக் போன்ற ஆலைக் கார்களே அதை மாட்டிக்கொண்டுதான் வந்தன. ஃபிகோனியின் வேலையில் மட்கார்டு தனி உறுப்பாக நிற்காமல் பாடியின் ஓட்டத்தோடு கரையும், குரோமியப் பட்டை அந்த ஓட்டத்தைத் தொடர்ந்து எழுதும். உங்கள் காரிலோ முன் மட்கார்டு தனியாக எழுந்து, வளைந்து இறங்கி, ஓடுபலகையை அடைந்து முடிகிறது. சக்கரம் முழுவதும் வெளியே தெரிகிறது. கண்ணாடிகளுக்குக் கீழே ஓடும் இடுப்புக் கோடு பானெட்டிலிருந்து பின்பகுதி வரை நேராக ஓடுகிறது. நல்ல வேலைதான், ஆனால் அடக்கமான வேலை.

வேறு சிலருக்குப் பிறர் எளிதில் தொடாத அடையாளங்கள் இருந்தன. உங்கள் ஆல்பத்தில் இன்னும் படங்கள் இருப்பதாக எழுதியிருப்பதால் அவற்றையும் சொல்லிவைக்கிறேன். முன் கண்ணாடியின் இருபுறமும் தூண் இல்லாமல் கண்ணாடியே தாங்கி நிற்பதுபோல் இருந்தால் லபூர்தெத்தின் "வியுதோத்தால்" முறையை நினையுங்கள். டெலாஜ் டி8-120 மேல் அமைந்த, பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாத நீண்ட கூபே என்றால் லெதுர்னர் எ மார்ஷானின் "ஏரோஸ்போர்". இரும்புக் கூரை முழுதாகப் பின்னால் சறுக்கி டிக்கிக்குள் போகும் "எக்லிப்ஸ்" கார்களின் வால் அளவுக்கு மீறி நீண்டிருக்கும். அதன் காப்புரிமையைப் பெற்ற ஜார்ஜ் போலான் தொழிலால் பல் மருத்துவர், மார்செல் பூர்தூவின் பட்டறைக்காக வரைந்தவர். போர்க்காலத்தில் நேச நாடுகளின் உளவு வலையில் இருந்த அவரை 1942 மார்ச்சில் ஜெர்மானியர் சுட்டுக்கொன்றார்கள். புகழ்பெற்ற கெல்னர் பட்டறையின் ழாக் கெல்னரும் அப்போதே சுடப்பட்டார். அந்தத் தொழிலின் இரண்டு பெரும் பெயர்கள் ஒரே நாளில் போயின. சவூட்சிக்கைப் பொறுத்தவரை, போருக்குப் பிந்திய கார்களில் குரோமியம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கும். அதைச் சுவை என்பாரும் உண்டு, நான் அந்தக் கட்சி இல்லை.

ஷாப்ரோன் பெயரை முன்வைப்பதற்கு என் முதல் காரணம் அழகியல் சார்ந்ததன்று. டெலாஹே 135க்கு அதிக எண்ணிக்கையில் பாடி கட்டிய பட்டறைகளில் முன்னணியில் இருந்தது ஷாப்ரோன். கேப்ரியோலே அவருடைய பட்டியலில் எப்போதும் இருந்த சரக்கு. ஊர் பெயர் தெரியாத ஒரு 135 கேப்ரியோலேயின் படம் கையில் கிடைத்தால், மாறான சான்று வரும்வரை அவரை நினைப்பதே நியாயம். அதற்கு மேல், நேரான இடுப்புக் கோடு, தடித்த உள்தையல் கூரை, அளவான குரோமியம், பின்புறம் கீல் வைத்து முன்பக்கம் திறக்கும் கதவு ஆகிய நான்கும் அவர் கார்களோடு ஒத்துப்போகின்றன. தனித்தனியாகப் பார்த்தால் இவை பிறரிடமும் உண்டு. கியோரேயின் கேப்ரியோலே ஒன்றை இதன் பக்கத்தில் வைத்தால் பலருக்குத் தடுமாறும்.

இது அரியதா என்பதற்கும் இங்கேயே விடை இருக்கிறது. கையால் கட்டியது என்றாலே உலகில் ஒன்றே ஒன்று என்று பொருளில்லை. புகாட்டியின் வாந்தூ, காலிபியே, ஸ்டெல்வியோ, அட்டலாண்ட் எல்லாம் பட்டியலில் பெயர் போட்டு விற்ற வடிவங்களே. ஸ்டெல்வியோவைக் கொல்மாரில் இருந்த கங்லோஃப் பட்டறை தொடர்ந்து கட்டிக் கொடுத்தது. இதே ஷாப்ரோன் பிற்காலத்தில் சித்ரோயன் டிஎஸ்ஸின் ஆலை கேப்ரியோலேக்களை 1960 முதல் 1971 வரை 1,365 கட்டினார். உங்கள் கார் மதிப்புள்ளது. ஒப்பற்றது என்று சொல்ல மாட்டேன்.

படத்தின் மதிப்பு வேறு. 135இன் சாதாரண சலூன் பாடியைக் கழற்றிவிட்டு, அதே சேஸிஸில் புதிதாக ரோட்ஸ்டர் பாடி கட்டிப் பெரும் விலைக்கு விற்பது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. ஒரு சேஸிஸ் முதலில் எந்தப் பாடியோடு ஓடியது என்பதைச் சொல்லக்கூடியவை பல நேரம் இத்தகைய குடும்பப் படங்கள் மட்டுமே. படங்கள் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குப் புகாட்டி ஏரோலித் ஓர் எடுத்துக்காட்டு. 1935 பாரிஸ் கண்காட்சியில் நின்ற அந்த மக்னீசியக் கலவைக் கூபே பிறகு தொலைந்துபோயிற்று. கனடாவில் ஒரு பட்டறை, அக்காலத்துப் படங்கள் சிலவற்றை அளந்தே, அசல் டைப் 57 சேஸிஸ் ஒன்றின் மேல் அதை மீண்டும் கட்டியது. முதுகெலும்பு போல் ஓடும் தகட்டு விளிம்பில் அடித்த ரிவெட்டுகளின் வரிசையைக்கூடப் படத்தைப் பார்த்தே அமைத்தார்கள். தீப்பற்றும் தன்மையுள்ள அந்த உலோகத்தை வெல்டிங் செய்ய அஞ்சியதால்தான் ரிவெட்டே வந்தது.

இப்போது அந்த மூலை. முதல் படத்தில் கதவுக்கு முன்னால், பானெட் முடியும் இடத்துக்குக் கீழே, ஓடுபலகையை ஒட்டி வெளிர்ந்த ஒரு சிறு புள்ளி தெரிகிறது. பாடி கட்டியவர்கள் தங்கள் பெயர்த்தகட்டை வழக்கமாக அடிக்கும் இடம் அது. உங்கள் ஸ்கேனில் அது நான்கைந்து பிக்சலாகக் கரைந்துவிட்டது. படத்தை ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், அந்தப் பகுதியை மட்டும் 2400 டிபிஐயில், கூர்மையாக்கும் வசதியை அணைத்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். எழுத்து தெரியாவிட்டாலும் தகட்டின் வடிவம் தெரிந்தால் போதும். நீள்சதுரமா, நீள்வட்டமா, ஒரு வரியா, இரண்டு வரியா என்பதைப் பெயர் தெரிந்த கார்களின் தகடுகளோடு ஒப்பிடலாம். படம் ஆல்பத்தில் ஒட்டப்படாமல் மூலைத்தாள்களில் செருகியிருந்தால் பின்புறத்தையும் பாருங்கள். ஸ்டூடியோ முத்திரையும் பென்சில் குறிப்பும் அங்கேதான் இருக்கும்.

அதோடு, பிரெஞ்சுத் தேசிய நூலகத்தின் காலிக்கா தளத்தில் ரோல், மெரிஸ் ஆகிய செய்திப்பட நிறுவனங்களின் தொகுப்புகளில் 1930களின் கார் கண்காட்சிகளும் கார்களுக்கான எழில் போட்டிகளும் தேதியோடு கிடைக்கின்றன. அங்கே "ஆர்எல்" வரிசைப் பிளேட்டுள்ள கார்களைத் தேடி, எந்த மாதத்துப் படங்களில் எந்த எண்கள் தோன்றுகின்றன என்று குறித்துக்கொண்டால் உங்கள் காரின் பதிவுக் காலம் இன்னும் குறுகும். பிளேட்டின் முன்பகுதி எண் முழுதாகக் கிடைத்துவிட்டால் டெலாஹே கார்களின் வரலாற்றைத் தொகுக்கும் பிரெஞ்சுக் கிளப்புக்கு எழுதலாம். அவர்களுக்கு எண்ணும் படமும் சேர்ந்து வந்தால்தான் பயன். அதுவரை ஆல்பத்தில் குறிப்பு எழுதுவதானால், "டெலாஹே 135, கேப்ரியோலே, 1936-39, பாரிஸ் பதிவு, ஷாப்ரோன் எனக் கருதப்படுவது" என்று பென்சிலால் எழுதுங்கள். இரண்டாவது படத்தின் கீழே "இடவலம் மாறி அச்சிடப்பட்டது" என்பதையும் சேர்த்துவிடுங்கள்.